மேல் அடுக்கில் நத்தை ஓடு

ஒரு வயலின் மண் என்பது எது? அந்த இடத்துப் பாறையே உடைந்து, மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து உண்டானதா? இல்லை, அங்கே பயிர் வைக்கிறவர்கள் வருஷக் கணக்காகக் கொண்டுவந்து கொட்டியதா? மண் ஆய்வு வேலையில் இருக்கிற எனக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி எனக்குள் புகுந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் தெரியவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரின் மண் என்ன வகை என்று எழுத, அந்த ஊருக்கு மாதிரியாக ஓரிடம் பார்த்து ஆள் உயரத்துக்குக் குழி வெட்டுவோம். குழியின் ஒரு சுவரைக் கத்தியால் செதுக்கினால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஆழம், நிறம், ஒட்டும் தன்மை, கட்டி உடையும் விதம், வேர், கல், சுண்ணாம்பு எல்லாம் எழுத வேண்டும். நிறத்துக்கென்று ஒரு புத்தகம் உண்டு. பெயிண்ட் கடை அட்டை மாதிரி பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள். ஈர மண்ணைப் பக்கத்தில் பிடித்து, எந்தச் சதுரத்தோடு ஒத்துப்போகிறதோ அதன் எண்ணை எழுத வேண்டும். வெறுமனே சிவப்பு என்று எழுதினால் ஒருவர் சிவப்பு இன்னொருவருக்குக் காவியாகிவிடும். எண் எழுதினால் சண்டையில்லை. எனக்கு மட்டும் உண்டு. இரண்டு சதுரங்களுக்கு நடுவே பத்து நிமிஷம் நிற்பேன். கல்யாணப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனபோதும் இப்படித்தான் நின்றாள் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார்.

மகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் கல்வராயன் மலைமேல் எங்கள் அதிகாரி மேடம் குழிகளில் இறங்கி மண்ணைப் படித்துக்கொண்டு வந்தார். நான் மேலே உட்கார்ந்து மாதிரி மண்ணைத் துணிப்பையில் கட்டி, சீட்டு எழுதினேன். பங்குனியில்தான் முதல்முறையாக ஒரு குழியைத் தனியாக எழுதச் சொன்னார். சரியாக எழுதினால் சங்கராபுரம் பக்கம் முழுவதும் என் பொறுப்பு, தப்பினால் இன்னொரு வருஷம் பை கட்டவேண்டியதுதான் என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கென்று அங்கன்வாடி டீச்சர் லீவு. மாமியார் திருநாவலூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும். மூன்று வயது மகளை ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு போனேன். சங்கராபுரம் தாண்டி, மலை பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அந்தக் கொல்லை; மேட்டு நிலத்தை இந்தப் பக்கம் கொல்லை என்பார்கள். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிச் சும்மா கிடந்தது. குழியை வெட்டி வைத்திருந்தவர்கள் அந்தக் கொல்லைக்காரக் கணவனும் மனைவியும். அந்த அக்காவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். வந்தவுடன் மேடம் என்றவர், அரை மணி நேரத்தில் என்னைப் பாப்பாம்மா ஆக்கிவிட்டார்.

குழிச் சுவரைச் செதுக்கினேன். மேலே ஒன்றரை சாண் கரிய மண். அதற்குக் கீழே பாறை வரைக்கும் செம்மண். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல இருந்தது. எல்லை எப்படி மாறுகிறது என்ற கட்டத்தில் 'திடீர்' என்று எழுதினேன். எழுதியதுமே சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்து மண்ணில் நிறம் மெதுவாக மாறும் என்றுதானே படித்தோம், கத்தியை நான்தான் அப்படி ஓட்டிவிட்டேனோ? ரப்பரால் அழித்து 'படிப்படி' என்று எழுதினேன்.

அடுத்தது சுண்ணாம்பு. சொட்டு மருந்துப் புட்டி மாதிரி ஒன்றில் நீர்த்த அமிலம் வைத்திருப்போம். சுண்ணாம்பு இருந்தால் மண் நுரைத்துப் பொரியும். கறுப்பு பொரிந்தது, சிவப்பு சும்மா இருந்தது. மழை சுண்ணாம்பைக் கீழேதான் இறக்கும், மேலே ஏன் இருக்கிறது? கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும், பாய்ச்சிப் பாய்ச்சிப் படிந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். கேள்விக்குறி இருந்தால் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று அதையும் அழித்தேன்.

படிவத்தில் முதல் வரியே நிலத்தின் வரலாறுதான். கொல்லைக்காரரிடம் கேட்டு எழுத வேண்டியது. ஆனால் நிறம் பார்க்க நல்ல வெயில் வேண்டும், அன்று மேகம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. போதாததற்குக் குழி விளிம்பில் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வரலாற்றைப் பிறகு கேட்கலாம் என்று, பார்த்ததை வைத்து நானே எழுதிவிட்டேன்: கிணற்றுப் பாசனம், மரவள்ளி.

மண்ணை நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா மாதிரி தள்ளிப் பார்த்தால் களிமண் எவ்வளவு என்று தெரியும். அதிலும் தெளியாவிட்டால் மேடம் ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். மணல் நறநறக்கும், வண்டல் மாவு மாதிரி இருக்கும், களி வழுக்கும். என் கஷ்டம் என்னவென்றால், மகள் மண் தின்னாமல் இருக்க ஒரு வருஷமாக வீட்டில் போர் நடக்கிறது. பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, இரும்புச் சத்து டானிக் கொடுத்தாயிற்று, கதை சொல்லிப் பயமுறுத்தியும் ஆயிற்று. அதனால் மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்தேன். அவள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அக்கா கவனித்துவிட்டார்.

"இன்னா பாப்பாம்மா, புள்ள துன்னா அடிப்பீங்க, நீங்க துன்னா அது ஆபீஸ் வேலையா?"

அவர் கணவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் துப்பிவிட்டு, இது பரிசோதனை என்றேன். அப்படியானால் உங்கள் பாப்பாவும் வீட்டில் அதைத்தான் பண்ணுகிறாள் போலிருக்கிறது என்றார் அக்கா.

மத்தியானம் படத்தையும் படிவத்தையும் மேடத்துக்கு அனுப்பினேன். செம்மண் காட்டில் இவ்வளவு கனமான கறுப்பா, எல்லை படிப்படி என்றால் அங்கேயே உண்டானதுதான், இந்த ஊருக்கு இதையே மாதிரிக் குழியாக வைத்துக்கொள்ளலாம், நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸில் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பதில் வந்தது. நான்கு முறை படித்தேன். அக்கா கொடுத்த அவித்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் அன்றைக்கு அவ்வளவு ருசியாக இருந்ததற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

சாப்பிட்டுவிட்டு மாதிரிப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் சத்தம் இல்லை. பிள்ளை அழுதால்கூட எனக்குத் தேவலை, சத்தம் இல்லாவிட்டால்தான் எதையாவது வாயில் போட்டிருப்பாள். எழுந்து பார்த்தால், வெட்டிப்போட்ட மண் குவியலுக்குப் பின்னால் குந்தியிருக்கிறாள். கையில் கறுப்புக் கட்டி. தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றி நனைத்து, நான் செய்தது போலவே விரலிடுக்கில் தள்ளுகிறாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கடுக்கென்று ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பி என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, நத்த."

வாயைக் கழுவிவிட்டுத்தான் கையைப் பார்த்தேன். உளுந்து அளவுக்குச் சுருள் ஓடு. ஏரிக்கரையில் கிடக்கும் நத்தை. தண்ணீரே நிற்காத மேட்டுக் கொல்லையில் இதற்கு என்ன வேலை? கத்தியை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். கறுப்பு அடுக்கில் சுரண்டச் சுரண்ட ஒன்று, இன்னொன்று, பாதி உடைந்தது ஒன்று. கோட்டுக்குக் கீழே சிவப்பில் ஒன்றுகூட இல்லை. கோடு போன்ற எல்லை, மேலே மட்டும் பொரிந்த சுண்ணாம்பு, இப்போது நத்தை ஓடு. மண் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததை நான்தான் அழித்து அழித்து வைத்திருந்தேன்.

மேலே ஏறிவந்து, இந்தக் கறுப்பு மண் எங்கேயிருந்து வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். ஏரி வண்டல்தான் என்றார், வெகு சாதாரணமாக. மாமனார் காலத்தில் மாட்டுவண்டியில் அடித்தார்களாம், இப்போது டிராக்டர். ஏரி காய்ந்து, அனுமதி கிடைக்கிற வருஷமெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்களாம். காலையில் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லியே. மண்ணு படிச்சவங்க, பாத்தாலே தெரிஞ்சிடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்படியானால் நான் எழுதியது இந்தக் கொல்லை மண் இல்லை, ஏரி மண் என்று சொல்லிவிட்டேன். அக்கா முகம் மாறிவிட்டது.

"ஏரியில கெடக்கிற வரைக்கும் அது ஏரி மண்ணு. இதுல தானே கெழங்கு வெக்கிறோம், மத்தியானம் நீங்க துன்னது இதுல வெளஞ்சது தானே. இது எங்க மண்ணு இல்லன்னா வேற யாருதாம்?"

தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்தேன். செய்தியாக அனுப்பலாம் என்று தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் என் மகள் நத்தையை எடுத்துக் காட்டினால்? கடைசியில் மேடத்துக்குப் போன் போட்டே சொல்லிவிட்டேன். முதலில், பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். வண்டல் கொட்டாத இடம் பக்கத்தில் எங்காவது இருந்தால் அங்கே இன்னொரு குழி வெட்டச் சொன்னார்.

கொட்டாத இடம் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது, கதிர் அடிக்கிற களத்து ஓரம். அக்காவும் அவர் கணவரும் மறுநாள் காலை ஆறு மணிக்கே வெட்ட ஆரம்பித்தார்கள். அக்கா என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை. ஆனால் மகளுக்குப் பால் மட்டும் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். அந்தக் குழி மேலிருந்து கீழ்வரை சிவப்பு. நிறம் மெதுவாகத்தான் மாறியது.

பத்து மணிக்கு மேடம் வந்து இரண்டு குழியிலும் இறங்கினார். என் பழைய படிவத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இங்க 'திடீர்'னு எழுதி அழிச்சிருக்க. ஏன்?"

தப்பாக இருக்குமோ என்று பயந்தேன் என்றேன்.

"அதுதான் சரி. சங்கராபுரம் பக்கம் இனிமே நீயே பாரும்மா. எந்தக் குழிக்குப் போனாலும் முதல்ல ஆளைக் கேளு. ரப்பர் மட்டும் கொண்டுவராத."

சொல்லிவிட்டு, கறுப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து எல்லோர் முன்னாலும் பல்லில் வைத்தார். என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். எங்களுக்குள் சரியாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊருக்கு மாதிரியாகக் களத்து ஓரக் குழியைத்தான் எழுதியிருக்கிறோம். கொல்லைக் குழிக்கு, மேலே கொண்டுவந்த வண்டல், கீழே செம்மண் என்று தனிப் படிவம். விதிப்படி சரிதான். ஆனால் அங்கே எல்லாக் கொல்லையிலும் வண்டல் கொட்டியிருக்கிறார்கள். ஊரில் யாருமே பயிர் வைக்காத ஓரிடத்து மண்ணை அந்த ஊர் மண் என்று எழுதி வைத்திருக்கிறோம். மேடத்திடம் கேட்டேன். நானும் அதைத்தான் யோசிக்கிறேன் என்றார்.

இப்போதெல்லாம் குழிக்குப் போனதும் கேள்வியைத்தான் முதலில் ஆரம்பிக்கிறேன். போன மாதம் மலைமேல் சாமை விதைக்கிற ஒரு குடும்பத்திடம் கேட்ட கேள்வியில், பட்டா விஷயமாக வந்தவள் என்று நினைத்து ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வயலுக்கும் கொல்லைக்கும் ஏரி வண்டல் அடிக்கிறவர்களாக இருந்தால் சொல்லுங்கள்: கொட்டிய எத்தனையாவது வருஷத்தில் அதை எங்கள் மண் என்று சொல்ல ஆரம்பிக்கிறீர்கள்? கொட்டிய அன்றைக்கேவா? உங்கள் ஊருக்கு ஒரே ஒரு குழிதான் என்றால் எங்கே வெட்டச் சொல்வீர்கள்? பிள்ளை வளர்த்தவர்கள் இன்னொன்றும் சொல்லுங்கள். மண் தின்னக் கூடாது என்று நான் சொல்லும்போதெல்லாம் என் மகள், "டெஸ்ட்டு" என்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?