விளக்கெண்ணெய் விட்ட கண்

என் அப்பாவுக்குக் கைரேகை கிடையாது. நாற்பது வருடமாகச் சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற கை அது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தும். விரலை வேட்டியில் துடைப்பார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுவார், மறுபடி வைப்பார். மறுபடியும் கத்தும். "இந்த ஊர்ல பாதி வூட்டக் கட்டுனவன் நானு. என்னையப் போயி யாருன்னு கேக்குது பாரு" என்று மிஷினையும் கடைக்காரரையும் சேர்த்துத் திட்டிவிட்டு வெறும் பையோடு வருவார். அப்புறம் அரிசி வாங்க அம்மாதான் போனாள்.

அந்தக் கோபம் அப்படியே எனக்கும் வந்திருக்கிறது. நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்த நாளிலிருந்து மூன்று வருடம் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் விடவில்லை. ஆண்டிமடத்துக்குப் போனால் அம்மாவை வாசலுக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். கதவு திறந்தேதான் கிடக்கும். உள்ளே நாற்காலியில் அவர் முதுகு தெரியும். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஒரு சித்திரை மாதக் காலையில், அரியலூரில் மாடி வேலை செய்துகொண்டிருந்த அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஆம்புலன்சில் பெரம்பலூரில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது தலை முழுக்கக் கட்டு, ஒரு பக்கம் முகம் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நினைவில்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய வேலைப் பை கிடந்தது, கரண்டியும் தூக்குக்குண்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும்மா. ரெண்டு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். காப்பீட்டு அட்டைக்கு ஒப்புதல் வாங்கிட்டு வாங்க, உடனே ஆரம்பிச்சிரலாம்" என்றார். அட்டை இருந்தது. ஆனால் படுத்திருப்பது அந்த அட்டைக்காரர்தான் என்று மிஷின் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயோ, மறுபடியும் மிஷினா!

காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் விரல் மிஷினைக் கட்டிலுக்கே எடுத்து வந்தாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் விரல் ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தாள். "பத்து வெரலும் எடுக்கலக்கா." அட்டையோடு இணைத்திருந்த போன் நம்பர் என்றோ செத்துவிட்டது. முகத்தைப் படம் எடுத்தால் வீக்கமும் கட்டும்தான் தெரிந்தன. "கண்ணு ஒண்ணுதாங்கக்கா பாக்கி. கருவிழி மிஷின் மேல்மாடில இருக்கு, எடுத்தாறேன்" என்று ஓடினாள். நான் மருந்துச் சீட்டோடு மருந்துக் கடைக்கு ஓடினேன்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. கொத்தனார் வீடுகளில் விளக்கெண்ணெய்க் குப்பி இல்லாமல் இருக்காது. பூச்சு வேலையில் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் முதல் வைத்தியம் அதுதான். அப்பாவின் வேலைப் பையிலும் ஒரு குப்பி உண்டு. சாயங்காலம் சிவந்த கண்ணோடு வருபவரை அம்மா மடியில் சாய்த்து இரண்டு சொட்டு விடுவாள். எனக்குத் தெரிந்து அவர்களுக்குள் இருந்த கொஞ்சல் அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்தபோது கவுண்டர் பெண் உள்ளங்கை அளவு கறுப்பு மிஷினை அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள். திரையில் வெறும் வெள்ளைப் பளபளப்பு. "என்னக்கா இது, கண்ணே தெரியல. எண்ணெ மாரி மின்னுது" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் குப்பியைச் சேலைத் தலைப்பில் மறைத்தாள்.

"கண்ணு வறண்டு கெடந்துச்சுடி. சிமெண்டுத் தூசு வேற. அதான் ரெண்டே சொட்டு…"

"அறிவிருக்காம்மா ஒனக்கு! அவரக் கொன்னுட்டுத்தான் வுடுவியா?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்படிக் கத்திய என் வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். அன்றைக்கு எனக்குக் கடிகார முள்ளைத் தவிர எதுவும் தெரியவில்லை.

நர்ஸ் சலைன் தண்ணீரும் பஞ்சும் கொடுத்தார். துடைத்தேன். எண்ணெய் போவேனா என்றது. துடைக்கத் துடைக்கக் கண் சிவந்தது. அரை மணி நேரம் போனது. படம் ஒருவழியாகத் தெளிந்தபோது நெட் போய்விட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் ஜன்னலின் மேல் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும்தான் டவர் காட்டியது. போனை அம்மா கையில் கொடுத்து, அதிலிருந்து மிஷினுக்கு நெட் கொடுத்தோம். ஐந்தடிகூட இல்லாத அம்மா, நுனிக்காலில் எக்கி, கற்பூரத் தட்டு மாதிரி போனைத் தலைக்கு மேலே பிடித்தாள். கை கொஞ்சம் இறங்கினாலும் நெட் போய்விடும்.

"கைய எறக்காதம்மா! எறக்காத!"

நான் அப்பாவின் கண் இமைகளை இரண்டு விரலால் விரித்துப் பிடித்தேன். அவ்வளவு பக்கத்தில் அந்தக் கண்ணை நான் பார்த்ததே இல்லை. கறுப்பு என்று நினைத்திருந்தேன், நல்ல பழுப்பு. ஓரத்தில் வயதின் சாம்பல் வளையம். வெள்ளையில் எப்போதோ சுண்ணாம்பு தெறித்த சின்னத் தழும்பு. மூன்று வருடம் என்னைப் பார்க்க மாட்டேன் என்று வீம்பு பிடித்த கண். "இப்பவாச்சும் பாருங்கப்பா, ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினேன். கண் எதையும் பார்க்கவில்லை. ஐந்து முறை மறுத்தது. ஆறாவது முறை பச்சை வந்தது.

அம்மா போனைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். வந்துவிட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா பிழைத்தார். ஆனால் ஊருக்குக் கூட்டிப்போகும் நாள் வரை அவருக்கு நினைவு முழுசாகத் தெளியவில்லை. "கொஞ்சம் முன்னாடியே எடுத்திருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேசவில்லை. அதை அம்மாவும் கேட்டுவிட்டாள். அதன் பிறகு தினம் போனில் ஒரே கேள்விதான். "நான் எண்ணெ வுட்டதாலயாடி?" இல்லை இல்லை, நெட்டுதான் சதி பண்ணிவிட்டது என்று தினமும் பழியை டவர் மேல் போட்டேன். நம்பினாளா என்று தெரியாது. அந்தக் குப்பியை அப்புறம் நான் வீட்டில் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆண்டிமடத்துக்குப் போனேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய் நாற்காலிக்கு முன்னால் நின்றேன். அப்பா நிமிர்ந்து என் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாம்மா. எந்தூரு புள்ள நீ?"

"நாந்தாம்ப்பா. ஒங்க பொண்ணு."

அவர் இல்லையென்று தலையாட்டினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "எம்பொண்ணு பெரம்பலூர்ல இருக்கா. பெருங்கோவக்காரி. வருவா, வாசலோடயே திரும்பிப் போயிருவா." குரலைத் தாழ்த்தி என்னைக் கிட்டே வரச் சொன்னார். "ஏம்மா, நீ போறப்ப அவ வாசல்ல நின்னா, உள்ள வரச் சொல்லு. நாஞ் சொன்னன்னு சொல்லு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சொல்றேங்க" என்றேன்.