ஷம்ஸா திரும்பி வருவாளா?

வறுத்த விதை தீர்ந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் பொட்டலக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். என் கணவர் மித்வல்லி போடமாட்டார். கூம்பாகச் சுற்றிய தாளைப் பிரித்து, முழங்காலின்மேல் வைத்து, உள்ளங்கையால் நாலைந்து முறை நீவுவார். ஒட்டியிருக்கும் உப்பை ஊதிவிட்டு முன்பக்கம் படிப்பார். திருப்பிப் பின்பக்கமும் படிப்பார். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுத் தாளாக இருக்கும். சில நாள் ஏதாவது புத்தகத்தின் தாள். எதுவானாலும் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் குப்பைக்குப் போகும். காலையில் பருப்பு வடை சுற்றிவரும் எண்ணெய்த் தாளைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

விதைக்கடை ஸனூஸி, இது தொடங்கிய முதல் வருடமெல்லாம் கேலி செய்துகொண்டிருந்தான்.

"உஸ்தா மித்வல்லி, உனக்கு வேணுங்கறது விதையா, காகிதமா? காகிதம்தான்னா சொல்லிடு. விதைய நானே தின்னுக்கறேன்."

"அச்சடிச்ச தாளாப் பாத்து சுத்து ஸனூஸி. கையால எழுதினது வேணாம்."

"கல்யாணப் பத்திரிகை ஒண்ணு கிடக்கு, அதுல சுத்தவா? பொண்ணு பேரு நல்லாருக்கு. உம்மு நிஸ்மா கோவிச்சுக்குவாங்களோ?"

உம்மு நிஸ்மா என்பது நான். நிஸ்மாவின் தாய். என் சொந்தப் பெயரை இந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை.

மித்வல்லி பிறந்ததும் வேலை பார்ப்பதும் எகிப்தின் ஆலை ஊரான இந்த மஹல்லாவில்தான். பதின்மூன்று வயதில் அவருடைய தகப்பனார் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நூற்பாலையில் சேர்த்துவிட்டார். அதற்கு முன்னால் அவர் வேறொரு பையனாக இருந்திருக்கிறார். மாதா மாதம் பெட்டிக்கடைக்கு வரும் சிறுவர் கதைத் தொடர் ஒன்று உண்டாம், 'உப்புக் கடலின் நால்வர்' என்று பெயர். உள்ளங்கை அளவுப் புத்தகங்கள். நான்கு பிள்ளைகள், வற்றிப்போன ஒரு கடலின் மேல் ஓடும் கப்பலில் ஏறி வேறு உலகங்களுக்குப் போய்வருவார்கள். மூத்தவர்கள் மூன்று பேர். கடைக்குட்டி ஷம்ஸா, ஆறு வயது.

இருபத்து மூன்றாவது புத்தகத்தில் உப்பு நகரத்தின் வாசல் மூடத் தொடங்குகிறது. மற்ற மூவரும் வெளியேறும்வரை ஷம்ஸா உள்ளே நின்று சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறாள். வாசல் மூடிவிடுகிறது. பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம்: 'ஷம்ஸா திரும்பி வருவாளா? இருபத்து நான்காம் புத்தகத்தில், தொடரின் முடிவு.'

அந்த முடிவை மித்வல்லி படிக்கவில்லை. ஆலையில் சேர்ந்த வாரமே, இனி இது எதற்கு என்று தகப்பனார் இருபத்து மூன்று புத்தகங்களையும் பழைய சாமான் வண்டிக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து விதை வாங்கிப் பிரித்தால் ஒன்பதாவது புத்தகத்தின் நாற்பதாம் பக்கம். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். ஆனால் பக்க எண்ணை மறக்காமல் சொல்வார்.

எங்களுக்கு ஒரே பெண். நிஸ்மாவுக்குப் பதினொரு வயதில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போயின. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரியில் ரத்தம் கழுவ வேண்டும். நாங்கள் 'கழுவல்' என்றுதான் சொல்வோம். இன்றைக்குக் கழுவல் உண்டா, இல்லையா, அதை வைத்துத்தான் வீட்டில் நாட்களை எண்ணினோம். மித்வல்லி வேலை நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு அவளோடு வருவார். ஊசி குத்தியதும் கையை அசைக்கக்கூடாது. அப்போதுதான் அவர் உப்புக் கடலை ஆரம்பித்தார்.

நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு பேசுகிறவர் என்று கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் எனக்குத் தெரியாது. ஒரு புயலை மூன்று கழுவலுக்கு இழுத்துச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் ஹாஜ் பயூமி என்று ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேயிருப்பார். தூங்குகிறார் என்று நினைப்போம். இருபத்து மூன்றாவது முடிந்த அன்று கண்ணைத் திறந்தார்.

"சின்னப் பொண்ண உள்ள விட்டுட்டு வந்தானுங்களா? அந்த அண்ணன்மார செருப்பால அடிக்கணும். அப்புறம் என்ன ஆச்சு?"

"தெரியாது ஹாஜ். நான் படிக்கல."

"ரெண்டு மாசமாக் கேக்கறேன்டா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

நிஸ்மா சிரித்தாள். பிறகு, "பாபா, நீயே ஒண்ணு சொல்லிடாத. அச்சுல என்ன இருக்கோ அதுதான் வேணும்" என்றாள்.

அவர் தேடத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு தள்ளுவண்டியில் அந்தத் தொடரின் பழைய புத்தகங்கள் ஏழெட்டு கிடைத்தன. வீட்டு மெத்தையில் உட்கார்ந்து, நாற்பது வயதை நெருங்கும் மனிதர், ஒரே மூச்சில் படித்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"அந்தப் புயல் நாலே வரி. நாலு வரிதான் இருக்கு, பாரு."

அடுத்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"படமெல்லாம் கலர்னு நெனச்சிட்டிருந்தேன். வெறும் கறுப்பு மை." கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் புள்ளைங்க மாசக்கணக்குல காணாமப் போவுதுங்க. பெத்தவ ஒருத்தி இருக்கா, ஒரு புத்தகத்துலயும் வாசல்ல வந்து நின்னு தேடல. சின்னப் பையனா இருந்தப்ப இது எனக்குத் தோணவேயில்ல" என்றார்.

நிஸ்மா அந்தப் புத்தகங்களையும் படித்தாள். அப்பா சொன்னதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். இருந்தாலும் கடைசிப் புத்தகம் வேண்டும் என்பதை விடவில்லை. அவளுக்குக் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. ஷம்ஸா அங்கே தனியாக என்ன சாப்பிடுவாள் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கும் அந்தப் புத்தகம் வேண்டும் என்று ஆகிவிட்டது. ஷம்ஸா வராமல் போனால் என்ன, வந்தால் என்ன என்று சும்மா இருக்க முடியவில்லை.

மித்வல்லி கெய்ரோவுக்கு ரயிலேறி, அஸ்பகிய்யா மதிலோரப் பழைய புத்தகக் கடைகளில் நான்கு வெள்ளிக்கிழமை அலைந்தார். ஐந்தாவது வெள்ளி சாயங்காலம் கதவைத் தட்டினார்.

"கெடச்சிது" என்றார். செருப்பைக் கழற்றக் குனிந்தபடியே, "கடைசித் தாளு மட்டும் இல்ல. பழைய புத்தகம்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

தேநீர் கொடுத்தேன். நாலு கரண்டி சர்க்கரை போட்டு எப்போதும் அரை நிமிடம் கலக்குகிறவர், அன்று கலக்காமலே குடித்தார். சர்க்கரை அப்படியே அடியில் கிடந்தது.

மறுநாள் கழுவலில் நிஸ்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழுவதையும் படித்து முடித்தாள்.

"பாபா! புத்தகம் பூரா அவளப் பத்தி ஒரு வார்த்த இல்ல. பேரக்கூட சொல்லல. மூணு பேரும் வேற எங்கயோ புதையல் தேடிட்டிருக்காங்க."

மித்வல்லி ஊசிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்கான். கடைசித் தாள்லதான் வருவா. எனக்குத் தெரியும்."

"கடைசித் தாள்ல என்ன இருக்கும்? கல்யாணம்தான் இருக்கும்" என்றார் ஹாஜ் பயூமி.

"அவளுக்கு ஆறு வயசு, ஹாஜ்!"

"அப்ப நிச்சயம் பண்ணியிருப்பாங்க."

வீட்டுக்குக் கிளம்பும்போது நிஸ்மா, "பாபா, விதைப் பொட்டலம் வந்தா பிரிச்சுப் பாரு. ஒன்பதாம் புத்தகத்துத் தாள் ஒனக்குக் கெடச்சுதே, அந்த மாதிரி அதுவும் வந்தாலும் வரும்" என்றாள். பார்க்கிறேன் என்றார். அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பழக்கம்.

பெருநாளுக்கு முன்னால் அவருடைய குளிர்காலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். உள் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இரண்டு பக்கம் படிக்க அது போதும்.

முதல் பக்கத்தில் கப்பல் கரை சேர்கிறது. மறுபக்கத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகிறார்கள். தாய் கதவைத் திறந்து மூவரையும் கட்டிக்கொள்கிறாள். கை கழுவிவிட்டு வாருங்கள் என்கிறாள். மேசையில் மூன்று தட்டுகள் வைக்கிறாள். 'எல்லோரும் நலமாகத் திரும்பி வந்துவிட்டார்கள்' என்று கதை முடிகிறது. அதன் கீழே அடுத்த மாதம் வரப்போகும் வேறொரு தொடருக்கு விளம்பரம்.

ஷம்ஸா சாகவில்லை. யாரும் அவளைக் கைவிட்டதாகவும் எழுதவில்லை. எழுதினவன் மறந்துவிட்டான், அவ்வளவுதான். எழுதினவன் மாறியிருக்கலாம், மாதக் கடைசி அவசரமாக இருக்கலாம். மித்வல்லி ரயிலில் வரும்போது இதைத்தான் படித்திருக்கிறார். இந்தத் தாள் இல்லாவிட்டால் ஷம்ஸா வந்தாலும் வரலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தொட்டியில் சட்டையை ஊறப்போட்டுவிட்டு, மூன்று தட்டு வைத்த அந்தத் தாயை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். பெற்றவளுக்குக்கூடவா எண்ணத் தெரியாது?

தாளை அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துவிட்டேன். துணியோடு கரைந்துபோயிருக்கும் என்று நினைத்திருப்பார். இன்றுவரை கேட்கவில்லை.

குளிர் தொடங்கியபோது ஹாஜ் பயூமியின் நாற்காலிக்கு வேறு ஒருவர் வந்தார். நிஸ்மா ஏன் என்று கேட்கவில்லை. அன்று மித்வல்லிக்கு ஆலையில் விடுப்பு கிடைக்கவில்லை. திரும்பும்போது மினிபஸ்ஸில் நானும் அவளும் மட்டும். என் தோளில் சாய்ந்திருந்தவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"உம்மா, இங்க பாரு. எல்லாத் தாளும் ஓரத்துல மஞ்சளா இருக்குல்ல? கிழிஞ்ச எடம் மட்டும் வெள்ளையா இருக்கு. பழைய கிழிசல்னா இதுவும் மஞ்சளாயிருக்கும்."

நான் கிழிந்த இடத்தை விரலால் தடவினேன்.

"பாபாதான கிழிச்சது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீ அந்தத் தாளப் பாத்தியா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பேசியே பழக்கமில்லை. "பாத்தேன்" என்றேன்.

"ஷம்ஸா செத்துடறாளா?"

ஓட்டுநர் பக்கத்தில் வானொலி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கோழிக்கூண்டோடு ஏறி, கூண்டை எங்கள் காலடியில் தள்ளினாள்.

"செத்தாலும் பரவால்ல உம்மா. அவளப் பத்தி எழுதியிருந்தாப் போதும். எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு" என்றேன். "ஒரு பக்கம் முழுக்க அவளப் பத்திதான்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் போலவே அவளும் எதையும் உற்றுப் பார்க்கிறவள். நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"அப்ப சரி. நான் கேட்டேன்னு பாபாகிட்ட சொல்லாத. பாவம், தேடட்டும்" என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாள். அவள் போன அன்று கழுவல் நாள் இல்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை எடுத்து வைத்தேன். மித்வல்லி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டுகளைப் பார்த்தார். நான் மூன்று வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு மூன்றுதான் சரியான கணக்கு. அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

உப்புக் கடலைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசியதில்லை. சந்தையில் வாங்கிய புத்தகங்களையும் அந்தக் கடைசிப் புத்தகத்தையும் நிஸ்மாவின் துணிகளோடு கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கட்டை அவிழ்த்ததில்லை. விதைப் பொட்டலத்தை மட்டும் விடவில்லை. தானே கிழித்த தாளை ஏன் தேடுகிறார் என்று நான் கேட்டதில்லை. வேறொரு பிரதியில் வேறு மாதிரி அச்சாகியிருக்கும் என்று நினைக்கிறாரோ என்னவோ. பெண்ணிடம் பார்க்கிறேன் என்று சொன்னது மட்டும்கூடக் காரணமாக இருக்கலாம்.

நிஸ்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஸனூஸி இப்போது எல்லோருக்கும் பிளாஸ்டிக் பையில்தான் விதை போடுகிறான். மித்வல்லிக்கு மட்டும் எங்கிருந்தாவது அச்சடித்த தாள் தேடி எடுத்துச் சுற்றித் தருகிறான். கேலி செய்வதை நிறுத்திவிட்டான். தெருவில் என்னை இன்னும் உம்மு நிஸ்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் எடுத்து வைத்த அந்தக் கடைசித் தாள் மாவு டப்பாவுக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இருக்கிறது.