செருப்புப் படம் போட்ட போன்

தீபாவளி போனஸ் கொடுத்த அன்று திருப்பூர் ராயபுரத்துக் கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. சேவூர் மருதாளும் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஆனால் புடவைக் கடைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகப் போன் கடைக்குப் போய், எழுத்தில்லாத போன் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

அப்படியொரு போன் உலகத்திலேயே கிடையாது என்றான் கடைக்காரன். பிறகு என்ன நினைத்தானோ, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்த மாதம்தான் வந்திறங்கிய ஒன்றை எடுத்து வைத்தான். அதில் பட்டனே இல்லை. முகம் முழுக்கக் கண்ணாடி. ஸ்மார்ட் போன் என்று சொன்னான். தொட்டால் வேலை செய்யுமாம். யாருடைய நம்பரைப் பதிந்தாலும் கூடவே ஒரு படமும் வைத்துக்கொள்ளலாமாம். அவர் கூப்பிட்டால் அந்தப் படம் வரும், படத்தைத் தொட்டால் அவருக்குப் போகும். அதற்கு மேல் மருதாள் ஒன்றும் கேட்கவில்லை. முந்தியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டாள்.

வீட்டில் அவள் புருஷன் சுப்பையன் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கட்டிலின் மேல் வைத்தான்.

"எழுத்துத் தெரியாதவளுக்கு என்னத்துக்குப் புள்ள இது? முதலாளிமாருக கையிலயே இன்னும் இதைக் காணோம்."

"முதலாளிமாருக்குத்தான் படிக்கத் தெரியுமே, அவிங்களுக்கு எதுக்குங்க இது? எனக்குத்தான் வேணும்" என்றாள் மருதாள்.

அந்த ஆத்திரத்தில் சுப்பையன் இரண்டு நாள் சோற்றுக்கு உப்பில்லை, குழம்புக்குப் புளியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவள் ஏன் அதை வாங்கினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மருதாளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூலை வெட்டி, மடிக்கிறவர்கள் பக்கம் தள்ள வேண்டும். அவசர ஆர்டர் வந்தால் பெண்களைக் கூட்டமாகச் சேர்த்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போவது கான்ட்ராக்டர். மருதாளின் கூட்டத்துக்குக் கான்ட்ராக்டர் கன்னையன். மஞ்சள் சட்டை, பெரிய மீசை. கூலியில் அவன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பான்.

போன ஆடி மாதம், வேலை நேரத்தில் பைக்குள் கிடந்த அவளுடைய பழைய பட்டன் போன் அடித்தடித்து நின்றிருந்தது. யார் கூப்பிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்னையனிடம் நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, எவனோ ராங் நம்பர் என்று திருப்பிக் கொடுத்தான். மறுநாளும் அப்படியே நடந்தது. அந்த வாரம் முழுக்க அவள் கூட்டத்துப் பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். கன்னையன் மட்டும் அவிநாசிபாளையத்திலிருந்து வேறு கூட்டத்தை வண்டியேற்றிக்கொண்டு ராயபுரத்துக்குப் போய்விட்டு வந்தான்.

பிறகுதான் தெரிந்தது. ராயபுரத்தில் கம்பெனி வைத்திருக்கிற தமிழ்செல்வன் அவள் வேலை சுத்தமாக இருக்கும் என்று நேராக அவளையே கூப்பிட்டிருக்கிறார். கான்ட்ராக்டர் இல்லாமல் நீங்களே ஆளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். பின்னால் ஒருநாள் பார்த்தபோது, கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்களா அக்கா என்று வருத்தமாகக் கேட்டார். இனி யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டு இன்னொருத்தர் கையில் போனைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த முடிவுதான் தீபாவளிக்குக் கண்ணாடி போனாக வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் அந்தப் போன் அவளைப் படாத பாடு படுத்தியது. தொட்டால் போதும் என்று கடைக்காரன் சொன்னான், ஆனால் அழுத்தினால்தான் அதற்கு உறைத்தது. நகத்தால் அழுத்தலாம் என்றால், செக்கிங் பெண்களுக்கு நகம் ஏது? நகம் பட்டால் பனியன் துணியில் இழை இழுத்துவிடும் என்று ஒட்ட வெட்டிக்கொள்வார்கள். அழுத்துவதற்கென்று கூடவே கொடுத்த குச்சி இரண்டாம் நாளே நூல் கழிவோடு கழிவாகப் போய்விட்டது. கடைசியில் நூல் வெட்டுகிற கத்தரியின் மழுங்கிய பின்பக்கத்தால் அழுத்தப் பழகிக்கொண்டாள்.

ரவிக்கைக்குள் வைத்தால் அது தன்பாட்டுக்கு யாரையாவது கூப்பிட்டது. ஒருநாள் பேருந்தில் பக்கத்து சீட்டு வள்ளியாத்தாளிடம், தன் நங்கையாவைப் பற்றி, அதாவது புருஷனின் அக்காளைப் பற்றி, அவிநாசி வரைக்கும் மனம்விட்டுப் பேசிக்கொண்டு வந்தாள். அந்த அக்காள் மறுமுனையில் மூச்சுக் காட்டாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கார்த்திகை வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. வெயிலில் கண்ணாடி கறுத்துப் போகும், எதுவும் தெரியாது. சார்ஜும் நிற்காது, பாதி நேரம் கரண்டு இல்லாத ஊரில் ஏற்றவும் முடியாது. கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடும்போது அயர்ன் மேஜைக்கு அடியில் சொருகி வைத்து ஏற்றிக்கொள்வாள்.

வள்ளியாத்தாள் அவளோடு ஒரே மேஜையில் நிற்கிறவள், வாய்த் துடுக்கு உள்ளவள். நானும் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டாள். மருதாள் மறைக்காமல் சொன்னாள். சார்ஜ் மோசம், வெயிலுக்கு ஆகாது, பஞ்சு தூசி ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது, பாட்டு நன்றாகக் கேட்கும், படம் அருமையாகப் பிடிக்கும்.

"இத்தனை குத்தம் சொல்றியே, திருப்பிக் குடுத்துட்டு ஒரு சேலை எடுத்துக்க வேண்டியதுதானே அக்கா?"

"அந்த நங்கையாகூட மோசந்தான். அதுக்குன்னு அவிய தம்பியத் திருப்பியா குடுத்துட்டேன்?" என்றாள் மருதாள். மேஜையே சிரித்தது.

படம் வைப்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் முகங்களைத்தான் பிடித்தாள். செக்கிங் அறையில் எல்லோரும் தலையில் துணி கட்டி, மூக்கில் முகமூடி மாட்டி, ஒரே நீல மேலங்கியில் இருப்பார்கள். போனில் சின்னதாக வந்தபோது வள்ளியாத்தாளும் ரங்காத்தாளும் ஒருத்தி மாதிரியே தெரிந்தார்கள். ரங்காத்தாளைக் கூப்பிட்டால் வள்ளியாத்தாள் எடுத்தாள். கன்னையனோ படம் பிடிக்க நிற்கவே மாட்டேன் என்றுவிட்டான். என் மூஞ்சி உன் போனுக்குள் எதற்கு என்றான்.

மருதாள் வாசலுக்கு வந்தாள். வெள்ளைப் பனியன் அழுக்காகிவிடும் என்று அந்த அறைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை, முதலாளியும் சேர்த்துத்தான். எல்லாச் செருப்பும் வாசலில் வரிசையாகக் கிடக்கும். காலையில் வரும்போதே அதைப் பார்த்து, இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். வாரில் ஊக்கு குத்தியது வள்ளியாத்தாளுடையது. குதிகால் உயர்ந்தது ரங்காத்தாளுடையது. பழுப்புத் தோலில் சிவப்பு நூல் போட்டு வார் தைத்தது கன்னையனுடையது. மருதாள் குனிந்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். வீட்டுக்குப் போய்ச் சுப்பையனின் டயர் செருப்பையும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் தவறான ஆளைக் கூப்பிட்டதே இல்லை.

அது அப்படியே போயிருக்கும். மார்கழியில் ஒருநாள், தமிழ்செல்வன் கம்பெனியில் டீ நேரத்தில், கன்னையன் அவளிடம் தன் புது நம்பரைக் கொடுத்தான். மருதாள் அதைப் பதிந்துகொண்டாள். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க அங்கேயே நின்று கூப்பிட்டான். போன் மேஜையில் கிடந்து பாடியது. சிவப்பு நூல் தைத்த பழுப்புச் செருப்பு கண்ணாடி முழுக்க வந்து நின்றது.

கன்னையன் அதைப் பார்த்தான், பிறகு திரும்பி வாசலைப் பார்த்தான். ரங்காத்தாள் டீயைத் துப்பிவிட்டாள். பெண்கள் முந்தியை வாயில் அடைத்துக்கொண்டார்கள், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"என்ர மூஞ்சிக்குப் பதிலா செருப்பா வெச்சிருக்கறே?" என்றான் கன்னையன்.

"மூஞ்சியத்தான் கேட்டனுங்க. நீங்கதான் குடுக்கலீங்க."

அவன் வெறுங்காலோடு முதலாளி அறைக்குப் போனான். சற்று நேரத்தில் மருதாளுக்கு அழைப்பு வந்தது. கிளம்பும்போது வள்ளியாத்தாள் அவள் கையைப் பிடித்து, படத்தை அழித்துவிட்டுப் போ அக்கா, வேலை போய்விடும் என்றாள். மருதாள் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள்.

தமிழ்செல்வன் நாற்பது வயதுக்குள்தான் இருப்பார். அதட்டிப் பேசிப் பழக்கமில்லாதவர். கன்னையன் சொன்னதையெல்லாம் அவரே திருப்பிச் சொன்னார். செருப்பால் அடித்த மாதிரி அவமானம் என்கிறார், படத்தை அழித்துவிட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், நாளையிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றார்.

மருதாள் அழிக்க முடியாது என்றாள். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பேச்சை மாற்றுகிறவர் போல, சரி, எனக்கு என்ன படம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

மருதாள் போனை எடுத்து, கத்தரியால் இரண்டு அழுத்து அழுத்தி, மேஜையில் அவருக்கு நேராக வைத்தாள். வெள்ளை அடி போட்ட வெளிநாட்டுச் செருப்பு. அவருடையதேதான்.

கன்னையன் முகத்தில் விளக்கு எரிந்தது. "பாருங்க, உங்களையே விட்டு வைக்கலீங்க" என்றான்.

தமிழ்செல்வனின் காது சிவந்தது. இதற்குப் பதில் ஒரு பிள்ளையார் படத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்.

"பிள்ளையாரை வெச்சா, பிள்ளையாரு கூப்பிடறாருன்னுதானுங்க எனக்குத் தெரியும். நீங்க கூப்பிடறீங்கன்னு எப்படீங்க தெரியும்? எல்லாரும் அந்த வாசல்லதான் கழட்டிப்போட்டுட்டு உள்ள வர்றோம். அதைப் பார்த்துத்தான் யாரு வந்திருக்காங்கன்னு சொல்றோம். அதுல என்னுங்க அவமானம்? நீங்க ஆடியில என்னைக் கூப்பிட்டீங்களே, அப்ப இந்தப் படம் எங்கிட்ட இல்லீங்க. எழுத்துத்தான் இருந்துச்சு. அதை யாருகிட்டக் காட்டிக் கேட்டேன்னு இவருகிட்டயே கேளுங்க. ராங் நம்பருன்னு சொன்னவரு இவருதானுங்க."

கன்னையன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"என்னை வேலைய விட்டு நிறுத்துனாலும் சரிங்க. படத்தை அழிக்கமாட்டேன், போனையும் ஊட்ல வெச்சுட்டு வரமாட்டனுங்க. மறுக்கா ஒருத்தர் வாயப் பார்த்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

தமிழ்செல்வன் நியாயம் எதுவும் சொல்லவில்லை. ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கிறது, இரண்டு பேரும் போய் வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் கன்னையன் செருப்பை மாட்டிக்கொண்டே, இனி உன் கூட்டத்துக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன் என்றான். சொன்னபடியே செய்தான். அந்த ஆர்டர் முடிந்ததும் மருதாளுக்கும் அவளோடு நின்ற பெண்களுக்கும் ஒரு தகவலும் வரவில்லை. தெரிந்த கம்பெனிகளிலெல்லாம், அவர்கள் வாய்க்காரிகள் என்று சொல்லி வைத்திருந்தான். ரங்காத்தாள் வந்து, ஒரு படத்துக்காக எங்கள் பிழைப்பையும் சேர்த்துக் கெடுத்தாயே என்று அழுதாள். சுப்பையன் உப்பு, புளி என்றுகூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் படத்தை அழிக்கவில்லை. தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

பொங்கல் முடிந்த வாரம் அவள் அவிநாசியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். பேருந்தில் கூட்டம் நெரிந்தது. இடுப்பில் போன் பாட ஆரம்பித்தது. எடுத்தாள். வெள்ளை அடிச் செருப்பு. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, ஐயோ அக்கா, செருப்பு கூப்பிடுகிறது என்று சிரித்தாள். கண்டக்டரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

மருதாள் போனை மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு கத்தரியால் அழுத்தினாள்.

"சொல்லுங்க."

தமிழ்செல்வன்தான். கன்னையன் கூட்டி வந்த கூட்டம் ஓட்டைப் பீஸையெல்லாம் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டதாம், மொத்தமும் திரும்பி வந்து நிற்கிறதாம். நாளைக்கே ஆள் வேண்டும், நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள், கூலி உங்கள் கையில்தான் என்றார். வைப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினார்.

"ஏனுங்க அக்கா, அந்தப் படம் அப்படியேதான் இருக்குதுங்களா?"

"அதேதானுங்க. அதனாலதானுங்க எடுத்தேன்."

சேவூரில் இறங்குவதற்குள் அவள் ஊக்குச் செருப்பைத் தொட்டாள், குதிகால் செருப்பைத் தொட்டாள், மற்ற செருப்புகளையும் தொட்டாள். ரங்காத்தாள் எடுத்த எடுப்பில் மறுபடியும் அழுதாள். மறுநாள் காலை செக்கிங் அறை வாசலில் செருப்பு வரிசை நிறைந்திருந்தது.

கன்னையன் பழைய கணக்கு எதையோ பேச முதலாளியைத் தேடி இரண்டொரு வாரம் கழித்து வந்தான். அவன் காலில் பளபளவென்று கறுப்புச் செருப்பு. பழசை வீசிவிட்டதாகவும், இனி அந்தப் படத்தில் இருப்பது தன்னுடையது இல்லை என்றும் பெண்கள் காதில் விழும்படி வள்ளியாத்தாளிடம் சொன்னான். சொல்லிவிட்டு அதை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

மருதாள் கையிலிருந்த பனியனை மேஜையில் வைத்தாள். வாசலுக்குப் போய், வெயில் விழாத பக்கமாக அந்தக் கறுப்புச் செருப்பைக் காலால் கொஞ்சம் நகர்த்திவிட்டு, குனிந்து புதுப் படம் ஒன்று பிடித்துக்கொண்டாள்.