மலேயாக் கரடிக்கு நான் சொன்ன சாட்சி

எதையும் சொன்ன மாத்திரத்தில் நம்பிவிடுவது எனக்குப் பழக்கமில்லை. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால், தண்ணீரில் பாலைக் கலந்திருப்பார் என்று நினைக்கிற ரகம். ஆகவே காலேஜ் பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு, "கோட்டைப் பக்கம் ஒரு கரடி இருக்கிறதாம். வியாதிக் கரடியா என்று பார்த்துச் சொல்லிவிட்டு வாரும்" என்றபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது கரடியை அல்ல, பிரின்ஸிபாலை. பிராணி சாஸ்திரப் பிரிவில் எனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, இன்னொருவருக்கு மாமனார் வீட்டில் விசேஷம். மிஞ்சியவன் நான். தவளையைப் பலகையில் மல்லாத்தி, பையன்களுக்கு அதன் இதயத்தைக் காட்டுவது என் உத்தியோகம். அதுவரை தைரியமாக வாயைத் திறந்து பார்த்த ஆகப் பெரிய பிராணி முயல். அதுவும் செத்த முயல்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் கடையை முடித்துக்கொண்டு திருச்சிக்கே திரும்பியிருந்தார். கூடவே ஒரு கரடி. தாயில்லாக் குட்டியாகக் காட்டில் கிடைத்து, கடையிலேயே வளர்ந்தது. கோட்டைப் பக்கச் சந்தில் அவர் குடிவந்த கையோடு அக்கம்பக்கத்தார் முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டுவிட்டார்கள்: கரடிக்குச் சொறி பிடித்து ரோமமெல்லாம் கொட்டிவிட்டது, குழந்தைகளுக்கும் தொற்றும் என்று. சானிட்டரி இன்ஸ்பெக்டர் துப்பாக்கிக்காரனுக்கும் சொல்லிவிட்டார். சுடுவதற்கு முன் காலேஜில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது கரடியின் அதிர்ஷ்டம். அந்த வார்த்தையைச் சொல்லவேண்டியவன் நான் என்பது அதன் துரதிர்ஷ்டம்.

ஊர்க்காரர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்குக் கரடி என்றால் கரடிக்காரன் மூக்கில் கயிறு போட்டுத் தெருவில் ஓட்டிவருவதுதான். வைக்கோல்போர் எழுந்து நடப்பதுபோல் இருக்கும். பயந்த குழந்தைகளுக்காக அதன் முதுகிலிருந்து நாலு ரோமம் பிடுங்கித் தாயத்தில் அடைத்துத் தருவான். எனக்கும் ஒன்று கட்டியிருந்தார்கள். பயம் தெளிந்ததாகத் தெரியவில்லை. ஆக, ரோமத்தை ஒட்ட வெட்டினதுபோல் ஒரு கரடியைப் பார்த்ததும் ஊர் இரண்டு கட்சியாயிற்று. ஒரு கட்சி சொறி என்றது. மற்றது, பாய் மொத்த ரோமத்தையும் தாயத்துக்காரர்களுக்குச் சிரைத்து விற்றுவிட்டார் என்றது. நான் பார்க்காமலேயே இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

"கரடி பார்க்கப் போறேளா? இதையும் நான் நம்பணுமா?" என்றாள் என் மனைவி. போன மாதம்தான் சிநேகிதருக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் குதிரை வண்டி பிடித்துப் பாலம் தாண்டினேன்.

பாய் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "பையில என்ன சார்?"

"வெல்லம். கரடிக்கு."

"நல்லது. மொதல்ல நீங்க ஒரு துண்டு தின்னுங்க."

தின்றேன். விஷம் இல்லை என்று தெரியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே விட்டார்.

கொல்லையில் வேப்பமரத்தடியில் சங்கிலியில் கட்டியிருந்தது. எங்கள் கரடியில் பாதிதான் இருக்கும். புதுக்குடைத் துணிபோல் மழமழவென்று கறுப்பு. வளைந்த கால்கள், உள்பக்கம் திரும்பிய பாதங்கள், கருக்கரிவாள் மாதிரி நகங்கள். வெல்ல வாசனை பட்டதும் பின்னங்காலில் எழுந்து நின்றது. அப்போதுதான் மார்பைப் பார்த்தேன்.

பார்த்த கண் பிராணி சாஸ்திரக் கண்ணாக இருந்திருக்கவேண்டும். இல்லை. நாங்கள் தென்கலை. எங்கள் நாமத்துக்குக் கீழே மூக்குத்தண்டில் ஒரு பாதம் உண்டு. வடகலையாருக்குப் பாதம் கிடையாது; லாடம்போல் அடியில் வளைந்து நின்றுவிடும். கரடியின் மார்பில், பளீரென்ற மஞ்சளில், பாதமே இல்லாத வடகலை நாமம்!

"யார் பாய் இதைப் போட்டது?"

"எதை?"

"மார்லே இருக்கே, அதை."

"பொறை சார் அது. படைச்சவன் போட்டது."

எனக்கு அது பிறையாகத் தெரியவில்லை; அவருக்கு அது நாமமாகத் தெரியவில்லை. கரடி குனிந்து தன் மார்பைப் பார்த்துவிட்டு வெல்லத்தைப் பார்த்தது. என் மனம் மட்டும் ஓடிற்று. எங்கள் தெருவைக் கேலி செய்ய யாரோ கிளப்பிவிட்ட வேலை. மார்புக்கு வர்ணம் அடித்தவன் உடம்புக்கு மை பூசிச் சொறியை மறைத்திருக்க மாட்டானா? வர்ணம் வந்துவிட்டால் இன்ஸ்பெக்டரிடம் சுடச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அங்கவஸ்திரத்தைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தேன். பூனையைப் பிடிப்பதுபோல் கரடியின் பிடரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மார்பைத் துடைப்பது என் திட்டம். பிடரி நன்றாகத்தான் பிடிபட்டது. ஆனால் தோல் என் கையில் இருக்க, கரடி அந்தத் தோலுக்குள்ளேயே, பெரிய சட்டை போட்ட ஆள்போல், திரும்பி என்னை நேருக்கு நேர் பார்த்தது! எதிரே வந்த மஞ்சளை நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டேன். வர்ணம் வரவில்லை. அங்கவஸ்திரம்தான் போயிற்று, கரடி அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

பாய் சிரித்தார். "புலி புடிச்சாக்கூட அப்படித்தான் சார் திரும்பும். இவன் ஒருக்கா திரும்பிக் கடிச்சு ஒரு புலியவே மவுத்தாக்கிட்டான்."

"எப்போ?"

"குட்டியில."

"குட்டியா இருக்கறச்சேயே புலியைக் கொன்னுதா?"

கொஞ்சம் யோசித்தார். "புலியும் குட்டிதான் சார்."

இதுதான் பாயிடம் கஷ்டம். மரத்தின் உச்சியில் கிளைகளை ஒடித்துக் கட்டில் போட்டுத் தூங்கும் என்றார். கொட்டாத தேனீயின் கூட்டுக்காக பச்சை மரத்தையே பிளக்கும், நாக்கு ஒரு சாண் நீளும் என்றார். புலியைக் கேட்ட காதால் இதையெல்லாம் நான் எப்படி நம்புவது?

காலேஜ் லைப்ரரியில் ஒரு தடிப் புஸ்தகத்தில் தேடினேன். வெட்கக்கேடு, புலி தவிர எல்லாம் இருந்தது. மழைக்காட்டு மரமேறி, அத்திப்பழம், கறையான், தேன் தின்னும், வெயிலுக்கு ஏற்ற குட்டை ரோமம், மார்பின் மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். தென்னந்தோப்பில் புகுந்தால் குருத்தைப் பிய்த்துத் தின்று மரத்தையே கொன்றுவிடும் என்றும் இருந்தது. ஆனால் புஸ்தகத்தில் இருப்பது மலேயாக் கரடி. கொல்லையில் இருப்பது அதுதானா, சிரைத்த உள்ளூர்க் கரடியா? அதற்கும் ஒரு வழி கிடைத்தது. நம் கரடிக்கு மேல்வரிசை முன்பல் நாலுதான். நடுவில் இரண்டு இல்லாத ஓட்டை வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். மலேயாக் கரடிக்கு ஆறும் உண்டு.

மறுபடி போனபோது இன்ஸ்பெக்டர் துப்பாக்கிக்காரனோடு வந்துவிட்டிருந்தார். "சொறியா இல்லையா? சட்டுனு சொல்லுங்க சார், இவனுக்கு அப்புறம் வெறிநாய் வேலை வேற இருக்கு."

பூதக்கண்ணாடியில் ஒரு ரோமத்தைக் காட்டினேன். "பாருங்கோ, நுனி கூரா இருக்கு. சிரைச்சிருந்தா மொட்டையா இருக்கும். தோலும் சுத்தம்."

"எனக்கு முடின்னா முடிதான். வேற ஏதாவது இருக்கா?"

"பல்லு இருக்கு. மேல்வரிசையிலே ஆறு இருந்தா மலேயாக் கரடி; அதுக்குப் பிறவியிலேயே குட்டை ரோமம்."

"அப்ப எண்ணுங்க."

பாய் வேப்பமரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் தேனைத் தடவினார். கரடி மரத்தைக் கட்டிப்பிடித்து நிமிர்ந்து வாயைத் திறந்தது. நான் அதன் முழங்கையடியில் குந்தி மேலே அண்ணாந்தேன். பாய் பின்னாலிருந்து, "நம்ம புள்ள ஒண்ணும் பண்ணாது சார்" என்றார், சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகையில் என் மூக்கில் ஒரு சொட்டுத் தேன் விழுந்தது. நாலுக்குப் போவதற்குள் அந்த ஒரு சாண் நாக்கு இறங்கி, மூக்கிலிருந்து புருவம்வரை ஒரு வழி வழித்தது. நாமத்தின் பாதம் போயிற்று. மேலே வளைவு மட்டும் மிச்சம். கரடியும் நானும் ஒரே கலை!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் எண்ணிவிட்டு, "ஆறு!" என்று கத்தினேன். "நடுவிலே ஓட்டை இல்லை! நீங்களே பாருங்கோ!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எட்ட நின்று, அவரும் எண்ணினார். துப்பாக்கிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். கையில் நார்நாராகக் கிழிந்த தென்னங்குருத்து. "இன்ஸ்பெக்டரய்யா, நேத்து வரைக்கும் நல்லாருந்த மரம். இதைப் பாருங்க. எவன் வேலை இது?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். துப்பாக்கிக்காரனும் திரும்பினான். எல்லாரும் சேர்ந்து காலேஜைப் பார்த்தார்கள், அதாவது என்னை. நான் கரடியைப் பார்த்தேன். அதன் தாடையோரம் வெள்ளையாக ஒரு நார் தொங்கியது.

"காண்டாமிருக வண்டு" என்றேன்.

"வண்டா?"

"தென்னைக்குப் பெரிய சத்துரு. குருத்துக்குள்ளேயே போயிடும்."

"என்னங்க சொல்றீங்க, வண்டுக்கு இவ்ளோ பெரிய நகமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். குருத்தைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "காலேஜே வண்டுங்குது. அப்புறம் நான் யாரு?" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கிக்காரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே போன பாய், இன்னொரு சங்கிலியோடு வந்தார்.