வல்லாரை என்று வந்த இலை

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் நானும் சிவம் அண்ணையும் கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுத்த காலம். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, ஏப்ரல் மாதம். ஒரு கலியாணப் பந்தியின் தேங்காய்ப்பூ வறைக்கு ஓடைக்கீரை பிடுங்கி வரச்சொல்லி அண்ணையை அனுப்பியிருந்தேன். கீரைப் பையோடு ஒரு சட்டி நிறைய வேறு இலையும் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, ஓடைக்கரையிலை வல்லாரை! பச்சைச் சம்பல் போடுவம். பொம்பிளையின்ரை தேப்பனுக்குச் சொல்லிப்போட்டன், மனுசன் துள்ளுது."

வட்ட இலை, காம்புப் பக்கம் வெட்டு. பார்த்தால் வல்லாரைதான். ஆனால் இந்தக் குளிரில் வல்லாரை தானாக முளைக்காது.

"வேர் எங்கை?"

"வேரையோ தின்னப்போறாய்?"

சட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு செடி முழுதாகக் கிடந்தது. வல்லாரை நிலத்தில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். இது ஒரே அடியிலிருந்து கொத்தாக எழும்பியிருந்தது. தண்டு குழல். நுனியில் மஞ்சள் மொட்டு. சும்ப்ஃப்டோட்டர்புளூமெ என்று ஜேர்மன்காரர் சொல்லும், சதுப்பில் பூக்கும் செடி. பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான்.

அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன்.

"விசரே உனக்கு? சனத்துக்கு முன்னாலை என்ரை மானம் என்னாகிறது?"

"மண்டபம் முழுக்கச் சத்தி எடுத்தா உங்கடை மானம் மணக்குமோ?"

அண்ணை கீரைப் பையை இழுத்தார். "அப்ப இதைப் பச்சையாப் போடுவம்."

"ஏலாது. ஓடைக்கு மேலை மாடு மேயுது. மாட்டின்ரை ஈரல்புழு தண்ணியிலை இருக்கும். வேகோணும்."

பையிலிருந்தது புறுன்னன்கிரெஸ்ஸெ, நாங்கள் ஓடைக்கீரை என்பது. ஓடும் தண்ணீரில் நிற்கும் கீரை. காம்பின் இருபுறமும் சோடி சோடியாகச் சிற்றிலை, நுனியில் ஒன்று பெரிது. ஒவ்வொரு தண்டாகக் கசக்கி முகர்ந்தேன். கடுகுபோல் மூக்கில் ஏறினால் சட்டிக்கு. கரட் மணம் வந்தால் அது வேறு செடி, குப்பைக்கு. பிறகு வெங்காயம், பச்சை மிளகாயோடு நன்றாக வதக்கித் தேங்காய்ப்பூப் போட்டு இறக்கினேன். அந்தத் தேங்காயை அண்ணைதான் என் முகத்தைப் பார்க்காமல் துருவித் தந்தார்.

பந்தியில் பெண்ணின் தகப்பன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

"சிவம், வல்லாரையை வறையாக்கிப் போட்டியள். ஊரிலையும் இப்பிடிச் சாப்பிடேல்லை!"

தலையாட்டினால் போதும், புகழ் அண்ணைக்குத்தான். அண்ணை கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"இல்லை அண்ணை. இது வல்லாரை இல்லை. நான் கொண்டந்தது நஞ்சு. தங்கச்சி கொட்டிப்போட்டாள்."

சமைக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலையை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதே. வேர், தண்டு, பூ, மணம், நின்ற இடம், எல்லாம் பார். ஒன்று இடித்தாலும் கொட்டு. கொட்டிய கீரையால் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.