‘போட்டு வாறன்’ என்பதன் ஆங்கிலம்

“அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்” என்று நான் ஏன் சொன்னேன்? மூன்று வாரமாக என்னையே கேட்கிறேன்.

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியிருக்கும் கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சமூக நிலையத்தில் வாரம் இரண்டு காலை ஆங்கிலம் கற்பிக்கிறேன். படிக்க வருபவர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்த இளம் தாய்மார். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து, இங்கே வந்து மறுபடியும் டிப்ளோமா செய்து, கைக்குழந்தையோடு அலைந்து எடுத்த வேலை. நிலையப் பொறுப்பாளர் வெள்ளைக்காரப் பெண்மணி, நல்லவர்தான். ஆனால் நேர்முகத்தில், “உங்கள் உச்சரிப்பை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வகுப்புக்குப் போகுமுன் குளியலறையில் வாய்விட்டுப் பேசிப் பார்க்கிறேன்.

மாணவிகளில் ஒருத்தி ஜப்பான்காரி. கணவரின் வேலைக்காக வந்தவள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் ‘சென்செய்’ என்றே கூப்பிடுவாள். ஆசிரியர் என்று அர்த்தம். ஊரில் ரயிலே போதும் என்று இருந்தவள், இங்கே வந்துதான் கார் பழகத் தொடங்கினாள். ஒருநாள் என்னையும் என் மூன்று வயது மகளையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். மாணவி வீட்டில் சாப்பிடலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

அவள் சொல்லாமலே நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். சோற்று உருண்டைகளை மகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக விழுங்கினாள். பிறகு நித்திரை வந்து சிணுங்கத் தொடங்கினாள். நான் அவசரமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னேன்: “ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்.”

அவள் முகம் மலர்ந்தது. குனிந்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். வாழ்த்து என்று நினைத்தேன்.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“சென்செய், இருட்டும் வரைக்கும் காத்திருந்தேன். இரண்டு தரம் தேநீர் போட்டேன். ஏதாவது விபத்தோ என்று பயந்தேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தட்டித் தடவிச் சொன்னாள். வீட்டை விட்டு வெளியே போகும்போது அந்த வீட்டில் இருப்பவர்தான் அவர்கள் ஊரில் ‘போய்த் திரும்பி வருகிறேன்’ என்பாராம். விருந்தாளி சொல்வதில்லையாம். அன்று அவள் குனிந்து சொன்னது அதற்கு வீட்டில் இருப்பவர் சொல்லும் ‘போய் வாருங்கள்’தானாம். சென்செய் தன் வீட்டைச் சொந்த வீடாக நினைத்துவிட்டார் என்று அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அன்று பின்னேரம் நாலு மணிக்கு அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். கூட்டிப்போக வந்த பயிற்சியாளரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சென்செய் வரும்போது கதவு பூட்டியிருக்கலாமா?

மார்க்கரை மூடி மேசையில் வைத்தேன்.

வரவுப் பதிவேட்டை எடுக்க வந்த பொறுப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்களே?”

“சொல்லியிருக்க மாட்டேன். பை பை என்றுதான் சொல்லியிருப்பேன்.”

என் குரல்தான். தெளிவான, குளியலறையில் பழகிய உச்சரிப்பு.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! “என் காது சரியில்லை, சென்செய். பரீட்சகர் இடது என்றால் எனக்கு வலது என்று கேட்கும். இனி டெஸ்ட் வேண்டாம்.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“போறன் எண்டு சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை டெஸ்டுக்குப் போயிருக்கும்.”

“ஆற்றையும் வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்லலாமே? அபசகுனமெல்லே? போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது.”

“ஓம், டீச்சரம்மா. தமிழை இங்கிலீசில கதைச்சுப்போட்டு, அவளின்ரை காதிலயோ பழி?” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நாளைக்கே போய்ச் சொல்லுமன்.”

“வேலை போனா?”

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். ஆங்கிலம் தனக்குச் சரிவராது, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். கார் பழகுவதையும் விட்டுவிட்டாளாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அவள் வீட்டுக்குப் போய், உன் காதில் பிழையில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று தனியே சொன்னால் போதுமா? எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தவளுக்கு எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டுமா? பொறுப்பாளரிடம் முதலில் சொல்வதா, அவளிடமா? வேலையையும் காப்பாற்றிக்கொண்டு சொல்ல ஒரு வழி இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றாலும், இல்லை என்று எழுதுங்கள்.