மஞ்சள் கானும் இரண்டு முழ வேலியும்

கொழும்பில் அரசாங்கங்கள் மாறியதை மற்றவர்கள் எதை வைத்து நினைவில் வைத்திருக்கிறார்களோ தெரியாது. எனக்கு எல்லாம் மண்ணெண்ணெய்தான். ஒரு அரசாங்கம் அதை வடக்குக்கு அனுப்பக்கூடாது என்று தடை போட்டது. நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, துளித் துளியாக ஊற்றி விளக்கெரித்தோம். இன்னொரு அரசாங்கம் வந்து சமாதானம் என்றது. பாதை திறந்தது, சாவகச்சேரியில் எண்ணெய் பவுசர் லொறி வந்து நின்றது. அதற்குப் பிறகு வந்தது பாதையை மூடியது. மற்றவர்கள் பேப்பர் பார்த்து நாட்டு நடப்பு அறிவார்கள். நான் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்து அறிந்தவள்.

எங்கள் ஊர் தென்மராட்சியில். இரண்டாயிரமாம் ஆண்டு சண்டை முற்றத்துக்கே வந்தபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. மற்ற வீட்டு ஆண்கள் நகையைப் புதைத்தார்கள். என்னவர் மண்ணெண்ணெயைப் புதைத்தார். தடைக்காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு கான். வேலியோரம் எங்கள் எல்லைக்குள் நின்ற பூவரசின் அடியில் கிடங்கு கிண்டி, குழந்தையைக் கிடத்துவது போல அதை இறக்கி மூடினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே செல் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, இந்த மனுசனுக்கு எண்ணெய்க் கவலை.

சமாதானம் வந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பனைகளுக்குத் தலை இல்லை. பூவரசு நின்ற இடமே தெரியவில்லை. பக்கத்து வளவுக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, கிளுவங்கதியால் கம்புகளை நட்டு வேலியை அடைத்திருந்தார். அவர் வாடகைக் கார் ஓடியவர். ஊரில் கார்க்காரர் என்றால் அவர்தான். வேலியை எங்கள் பக்கம் இரண்டு முழம் அரக்கிவிட்டார் என்று என்னவர் சொன்னார். பழைய வேலி இருந்த இடத்தில்தான் நட்டேன் என்று கார்க்காரர் சொன்னார். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எங்கள் ஊரில் நாட்டைக் கெடுத்த அரசாங்கத்தைக்கூட மன்னிப்பார்கள், வேலியை அரக்கியவரை மன்னிக்கமாட்டார்கள். அளவையாளரைக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். இரண்டு பேருக்கும் மனமில்லை. அளந்தால் ஒருவர் தோற்க வேண்டுமே. கானும் கிடைக்கவில்லை, இருபது வருடமாகச் சண்டையும் தீரவில்லை.

பிறகு என்னவருக்குச் சிறுநீரகம் பழுதானது. செவ்வாயும் சனியும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு ஓட்டோவை ஒழுங்கு செய்திருந்தோம். அப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. நாட்டில் காசில்லை, கப்பலில் எண்ணெய் இல்லை என்றார்கள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தவறிப்போனது. அன்றிலிருந்து ஓட்டோக்காரர் பெற்றோல் ஷெட் வாசலில் கியூவில் படுத்துக் கிடந்தார். சனிக்கிழமை விடிந்தபோது என்னவரின் கால்கள் வீங்கி, முகம் ஊதி, மூச்சு இழுத்தது. பஸ் இல்லை. அம்புலன்ஸ் தூரத்தில் இன்னொரு நோயாளியை ஏற்றப் போயிருந்தது. அன்றைக்கும் தவறினால் ஆள் தப்பாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மத்தியானம் போனில் பார்த்தால், கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்துக்கொண்டிருக்கிறது. என்னவர் கதிரையில் சாய்ந்தபடி அதைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா," என்றார். "அந்தக் கானைக் கிண்டி எடுப்பம்."

"விசரோ உங்களுக்கு?"

"ஓட்டோவை மண்ணெண்ணையிலை ஓட்டலாம். அந்த நாளையிலை ஓட்டினதுதானே. மஞ்சள் கான். வாயை உன்ரை நாவல் நிறச் சீலைக் கிழிசலாலை கட்டினனான். உந்த வேலிப் பக்கம்தான் கிடக்கும்."

கதிரையை வேலியோரம் இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன். "உதிலை" என்றார், கிண்டினேன். "இல்லை, கொஞ்சம் அங்காலை" என்றார், அங்கேயும் கிண்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. முன்பின் மண்வெட்டி பிடிக்காத கை கொப்பளித்துவிட்டது.

அப்போது வேலிக்கு மேலால் கார்க்காரரின் தலை தெரிந்தது.

"வேலிக்குக் கிட்டக் கிண்டாதேங்கோ. கதியால் சரியப்போகுது."

இருபது வருடத்துக்குப் பிறகு அவர் எங்களோடு கதைத்த முதல் கதை அது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கதியால் சரிஞ்சால் திருப்பி நடலாம். இந்த மனுசன் சரிஞ்சால் நான் என்ன செய்யிறது? ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் புதைச்ச மண்ணெண்ணையைத் தேடுறம். மஞ்சள் கான், நாவல் சீலை கட்டினது. கண்டால் சொல்லுங்கோ. இல்லாட்டி உங்கடை கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

 அவர் என்னவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். தலை மறைந்துவிட்டது. போய்த் தொலையட்டும் என்று நான் அடுத்த கிடங்கைத் தொடங்கினேன்.

சற்று நேரத்தில் அவருடைய வளவில் தகரம் இழுபடும் சத்தம். பிறகு இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றும் சத்தம். எஞ்சினின் ஒரு இருமல், இன்னொரு இருமல், அதற்குப் பிறகு வீட்டு முன் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புக் கார் எங்கள் வாசல் படலைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே ஒரு சேலைன் போத்தல் தொங்கியது. அதில் கொஞ்சம் பெற்றோல். ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும். மற்றதெல்லாம் மண்ணெண்ணெய். தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடிய அதே முறை.

"ஏறும் தம்பி," என்றார். "நானும் ரண்டு கான் ஒளிச்சு வைச்சிருக்கிறன். எந்த அரசாங்கத்தை நம்பேலும்?"

என்னவர் ஏறினார். நாவற்குழிப் பாலத்தில் கார் திணறியது. கார்க்காரர் ஒரு கையால் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சேலைன் குழாயைப் பிசைந்தார். பின் சீற்றில் என் தோளில் சாய்ந்திருந்த மனுசனின் மூச்சை நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"கொழும்பிலை பெரியவர் ஓடிட்டாராம்," என்றார் கார்க்காரர், எதையாவது கதைக்க வேண்டுமே என்று.

"அவர் போகட்டும் அண்ணை," என்றார் என்னவர். "நீங்கள் நிப்பாட்டிப்போடாதேங்கோ."

ஆஸ்பத்திரி வாசலில் தாதி ஒருத்தி என்னவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எவ்வளவு பிந்திவிட்டோம் என்று எனக்கு அதிலேயே விளங்கியது. இயந்திரம் ஓடத் தொடங்கியபிறகு வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் நின்று நன்றாக அழுதேன். கார்க்காரர் மறுபக்கம் திரும்பி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாமல் இரும் தங்கச்சி" என்றுவிட்டார்.

பிறகு ஜனாதிபதி மாறினார், பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்தது, கியூக்கள் குறைந்தன. ஓட்டோக்காரரும் திரும்பி வந்தார். ஆனாலும் செவ்வாயும் சனியும் கறுப்புக் கார்தான் படலைக்கு வந்தது. வேலிக் கதையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கும் மூவரும் அதிலேயே போனோம். யார் யாருக்குப் போட்டோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. என்னவர் மை பூசிய விரலைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். அந்த விரல் இன்னொரு அரசாங்கத்தைக் காண இருந்ததே என்று நான் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். கார்க்காரருக்கும் சேர்த்துத்தான்.

போன மாரிகாலத்தில் ஒருநாள் கார்க்காரர் படலையைத் திறந்துகொண்டு நடந்து வந்தார். கையில் மண் ஒட்டிய ஒரு கான்.

"தென்னம்பிள்ளை வைக்கக் கிண்டினன். இது கிடந்தது."

"எவடத்திலை அண்ணை?" என்றார் என்னவர்.

"என்ரை பக்கம்." அவர் நிலத்தைப் பார்த்தார். "வேலியிலை இருந்து ஒண்டரை முழம் உள்ளுக்கை."

மண்ணுக்குள்ளும் மஞ்சள் தெரிந்தது. வாயில் கட்டியிருந்தது என் நாவல் சீலைக் கரை. கலியாணமான புதிதில் உடுத்தது, எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும். எங்கள் பூவரசின் அடியில் புதைத்த கான் அவருடைய வளவுக்குள் கிடக்கிறதென்றால், வேலி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல அளவையாளர் தேவையில்லை. இருபது வருடமாக என்னவர் சொன்னது சரி. அந்த மனிதர் அதைப் பேசாமல் மூடிவிட்டிருக்கலாம். தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

என்னவர் கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கடை இல்லை அண்ணை. எங்கடை கான் நீலம்."

கார்க்காரர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, மஞ்சள் எண்டெல்லோ அண்டைக்குச் சொன்னீர்? நாவல் சீலை எண்டும் சொன்னீர்."

என்னவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து இருக்கிறோம். இரண்டு முழ நிலம் என் வாயில் நின்றது. நாவற்குழிப் பாலத்தில் கேட்ட மூச்சும் நினைவுக்கு வந்தது.

"அண்டைக்கு இருந்த பதட்டத்திலை மாறிச் சொல்லியிருப்பன் அண்ணை," என்றேன்.

 அவர் கானைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கார் வந்தபோது ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிற காலம். சேலைன் போத்தல் பழைய இடத்தில் தொங்கியது. என்னவர் ஏறி இருந்து மூக்கை உறிஞ்சினார்.

"பழைய எண்ணை போலை கிடக்கு அண்ணை."

"ஓம் தம்பி," என்றார் கார்க்காரர், பாதையைப் பார்த்தபடி. "உம்மடை எண்ணைதான்."